வெளிநாட்டு மாணவ ஆசிரியர் நம் வீட்டில் தங்க வந்தால்: கேள்வி பதில்

ஆசிரியப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்கள் சில வாரம் இங்கே வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கி, உள்ளூர்ப் பள்ளியில் பாடம் நடத்திப் பழகுவது உண்டு. அப்படி ஒருவரை வீட்டிலோ பள்ளியிலோ ஏற்றுக்கொள்ள நினைக்கும் செட்டிநாட்டுக்காரர்கள் கேட்டவையும், அவர்களுக்குச் சொன்ன பதில்களும்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டு வாரம் எங்கள் வீட்டில் தங்க வருகிறாள். போலீசில் சொல்ல வேண்டும் என்கிறார்களே, உண்மையா? நாங்கள் ஓட்டல் இல்லையே.

உண்மைதான் ஆச்சி. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் தகவல் பதிய வேண்டும். பேச்சில் இதற்கு 'சி படிவம்' என்று பெயர். 2025 செப்டம்பரில் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்தக் கடமை மாறவில்லை.

சிக்கல் எங்கே வரும் என்றால், படிவம் நிரப்பும் முன் வீட்டுக்காரர் தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். பிள்ளை வந்து இறங்கியபின் தொடங்கினால் 24 மணி நேரம் அதிலேயே போய்விடும். இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே உங்கள் அடையாள அட்டை, வீட்டு முகவரிச் சான்று வைத்து முடித்துவிடுங்கள். மாவட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். கோனாப்பட்டு, இராயவரம் பக்கத்தார் புதுக்கோட்டை மாவட்டம். செட்டிநாடு என்று ஒரே பேராகச் சொன்னாலும் கோப்பு இரண்டு அலுவலகத்துக்குப் போகும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா, விமான நிலையத்தில் குத்திய வருகை முத்திரை, ஒரு புகைப்படம். பதிவு முடிந்ததும் வரும் ஒப்புகையை அச்செடுத்து ஒன்று வீட்டிலும் ஒன்று அந்தப் பிள்ளையிடமும் இருக்கட்டும்.

விசா பற்றி ஒரு வார்த்தை. சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் பாடம் நடத்தக் கூடாது, சம்பளம் இல்லை என்றாலும் கூடாது. எந்த வகை விசா என்பதை அவர்களுடைய பல்கலைக்கழகமும் நம் தூதரகமும் பேசி எழுத்தில் முடிவு செய்தபிறகே விமானச் சீட்டு போட வேண்டும். 'வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேவகோட்டை, தனியார் பள்ளித் தலைமை ஆசிரியர்: எந்த மாதத்தில் வரச் சொல்வது நல்லது? அனுப்பும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் மார்ச் நடுவில் என்கிறார்கள்.

ஐயா, மார்ச் நடு என்றால் மறுத்துவிடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதலில் உள்ளூர்ப் பள்ளியில் பயிற்சியை முடித்தபிறகுதான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். 1970களிலிருந்து இதைச் செய்துவரும் இண்டியானா பல்கலைக்கழகத்திலும் இதே ஒழுங்குதான். ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் உள்ளூர்ப் பங்கு முடிய மார்ச் ஆகிவிடும். அவர்களுக்கு வசதியான அந்த நேரத்தில் நம்மிடம் என்ன நடக்கிறது? பிளஸ் டூ பொதுத்தேர்வு, அதைத் தொட்டுப் பத்தாம் வகுப்பு, ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு, பிறகு கோடை விடுமுறை. எட்டு வாரத்தில் உருப்படியாக வகுப்பு எடுக்கக் கிடைப்பது இரண்டு வாரம். மீதி நாள் வினாத்தாள் கட்டு பிரிக்கவும் தேர்வு அறையில் நிற்கவும்தான் ஆகும். அவர்களுக்கு மதிப்பெண் போட வேண்டிய உங்களுக்கும் சங்கடம்.

நவம்பர் தொடக்கத்தில் வந்தால் தீபாவளியை ஒட்டிய விடுப்பு, வடகிழக்குப் பருவமழை விடுமுறை எல்லாம் போக, டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஐந்து வாரமாவது தேறும். மிக நல்லது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய. அதற்கு அடுத்தபடி, பொங்கல் விடுமுறை முடிந்த நாளிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. உங்கள் பள்ளி நாட்காட்டியை அப்படியே அனுப்பி, வேலை நாள்களை அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். வாதமே வராது.

அதே பள்ளி, ஆங்கில ஆசிரியை: வந்த முதல் நாளே ஒரு வகுப்பை அவரிடம் விட்டுவிடலாமா? எங்களுக்கு ஆள் குறைவு.

விடக் கூடாது அம்மா. அவர் விடுப்பில் போன ஆசிரியருக்கு மாற்று ஆள் இல்லை, மதிப்பிடப்படும் மாணவர். முதல் வாரம் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். யார் எங்கே உட்காருகிறார்கள், வருகைப் பதிவு எப்படி, கரும்பலகையில் தேதி எழுதும் முறை, பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் அப்போதுதான் பிடிபடும். இரண்டாம் வாரம் நாளுக்கு ஒரு பாடவேளை, நீங்கள் வகுப்பிலேயே இருக்க. மூன்றாம் வாரத்தில் இரண்டு. நாலாவதிலிருந்து ஒரு வகுப்பின் முழுப் பாடத்தையும் கொடுக்கலாம். கடைசி வாரம் மெல்லக் குறைத்து வகுப்பு உங்கள் கைக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர் போன திங்கட்கிழமை பிள்ளைகள் உங்களைப் பாடாய்ப்படுத்திவிடுவார்கள்.

பாடக்குறிப்பை முந்தின நாளே வாங்கிப் பாருங்கள். வழக்கமாக மூன்று இடத்தில் இடிக்கும். ஒன்று, 20 பேருக்குத் திட்டமிட்ட குழுச் செயல்பாடு 45 பேர் வகுப்பில் நடக்காது. பெஞ்சை நகர்த்த இடமில்லை, ஆகவே முன் பெஞ்சு பின் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும்படி நான்கு நான்கு பேராகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு, உச்சரிப்பு. பிள்ளைகள் புரியாமலேயே 'யெஸ் மிஸ்' என்பார்கள். பாதி வேகத்தில் பேசி, முக்கியமான சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் சரியாகும். மூன்று, 40 நிமிடப் பாடவேளையில் முன்னுரைக்கே 15 நிமிடம் போய்விடும்.

அரசுப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியை எழுத்தில் வாங்காமல் உள்ளே அழைக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வருபவர் அடிக்க மாட்டார். பக்கத்து வகுப்பில் ஸ்கேல் சத்தம் கேட்டால் அது அவருடைய அறிக்கையில் ஏறும். விருந்தாளிக்காக மறைக்க வேண்டிய விஷயம் அல்ல அது, நிறுத்த வேண்டியது.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: பூர்வீக வீட்டில் தங்க வைக்கலாமா? பெரிய வீடு, சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது.

பார்க்க அழகாக இருக்கும் அண்ணே. எட்டு வாரம் குடியிருக்க வசதியா என்பது வேறு. பங்காளிகள் பங்குள்ள வீடானால் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் ஒரு கல்யாணமோ, முன்னோருக்குச் செய்யும் படைப்போ வந்தால் வீடு நிறைந்துவிடும், அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய அறைகள் பல இருட்டு. சாமான் வைக்கக் கட்டியவை அவை, படித்து எழுத அல்ல. கழிப்பறை வீட்டின் பின்கோடியில் இருந்தால் ராத்திரி முற்றத்தைக் கடந்து போக வேண்டும். முக்கியமாக, தனியாக ஆள் இல்லாத வீட்டில் தங்க வைத்தால் அது குடும்பத்தோடு தங்குவதே ஆகாது. நீங்கள் குடியிருக்கும் வீட்டில், உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு மேசை, நல்ல விளக்கு, மின்விசிறி, கொசுவலை. இவ்வளவு போதும். ஆத்தங்குடித் தளத்தையும் பர்மாத் தேக்குத் தூணையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அவர் தம்பி மகன், பொறியியல் மாணவர்: அவர்கள் கொண்டுவரும் மின்சாதனங்கள் நம் வீட்டில் ஓடுமா?

தம்பி, நமக்கு 230 வோல்ட், அமெரிக்காவில் 120. சாதனத்தின் மேல் '100-240' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. போன் சார்ஜர், மடிக்கணினி எல்லாம் அப்படித்தான் இருக்கும். புகையப் போவது முடி உலர்த்தியும் முடி நேராக்கும் கருவியும். அடாப்டர் முனையைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பழைய வயரிங் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறைக்கு மட்டுமாவது எர்த் உள்ள மூன்று ஓட்டைப் பிளக் ஒன்று போடச் சொல்லுங்கள்.

கண்டனூர் ஆச்சி: சாப்பாட்டுக்கு என்ன செய்வது? காரமே ஆகாதாமே. ஒரு பருக்கை விட்டாலும் எனக்கு மனசு கேட்காது.

ஆச்சி, அதிகம் இடிப்பது காரம் இல்லை, உபசாரம்தான். நாம் 'இன்னும் கொஞ்சம்' என்று வைப்பதை அவர்கள் மறுக்கத் தெரியாமல் தின்பார்கள், மூன்றாம் நாள் வயிறு கெடும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: போதும் என்றால் கையை இலைக்கு மேல் காட்டு, நான் நிறுத்திவிடுவேன். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

முதல் ஐந்து நாள் இடியாப்பம் தேங்காய்ப்பால், வெள்ளைப் பணியாரம், பருப்பு நெய், தயிர்ச்சோறு என்று போகட்டும். கவுனி அரிசி எல்லாருக்கும் பிடிக்கும். பிறகு குழம்பை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகக் கூட்டுங்கள். தண்ணீர் கொதித்து, குமிழ் ஓடியபின் முழுதாக ஒரு நிமிடம் விட்டு ஆறியதைத்தான் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று முழுதும் ஒரு லிட்டர் நீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் குடிக்கட்டும். அரைப் பொட்டலம் ஒரு டம்ளரில் என்று கண்மதிப்பில் கலக்கக் கூடாது. காய்ச்சலோ இரத்தமோ கண்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒவ்வாமை பற்றி வருமுன்பே எழுதிக் கேளுங்கள். 'வேர்க்கடலை ஆகாது' என்றால் கடலை மிட்டாயை மட்டும் ஒதுக்கினால் போதாது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், அதுவும் ஆபத்து. நல்லெண்ணெய்க்கு மாறி, பணியாரச் சட்டியைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். 'கோதுமை ஆகாது' என்பவருக்கு இட்லி, தோசை தாராளம் என்று நினைப்போம், ஆனால் கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரிலும் ரசத்திலும் ஏறிவிடும். குருமாவில் அரைத்த முந்திரி கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வாமைக்கான அவசர ஊசி மருந்து வைத்திருப்பவரானால் அது எந்தப் பையில் இருக்கிறது என்பதை வீட்டில் இரண்டு பேர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டாலும் 108ஐ அழைத்தே தீர வேண்டும்.

பள்ளத்தூரிலிருந்து: வாடகை கேட்கலாமா?

சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் என்று ஒரு தொகை ஏற்பாட்டிலேயே இருந்தால் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளையிடம் நேரடியாக அல்ல, அனுப்பும் பல்கலைக்கழகத்திடம் பேசி முடிப்பதே மரியாதை. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பிள்ளைகளுக்கு ராத்திரி இங்கிலீஷ் டியூஷன் எடுக்கச் சொல்வதுதான் தப்பு. ஆறு மணிக்கு மேல் அவருக்கு மறுநாள் பாடக்குறிப்பு எழுதும் வேலை இருக்கிறது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் ஒவ்வொருவர் முன்னும் கூப்பிட்டு நிறுத்துவதும் இதே கணக்கில்தான் சேரும்.

குன்றக்குடிப் பக்கத்துக்காரர்: தை மாதம் வருகிறவரைச் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள், ஆனால் கேலரியில் உட்கார வையுங்கள். அங்கே தொழுவிலிருந்து வரும் மாடுகள் மட்டுமல்ல, வயல்வெளியில் அங்கங்கே அவிழ்த்துவிடும் கட்டுமாடுகளும் உண்டு. வெளிப்பொட்டலில் தடுப்பு கிடையாது, வேடிக்கை பார்ப்பவரும் குத்துப்படுவது உண்டு. 'அருகே போய் ஒரு போட்டோ' என்று கேட்டால் கண்டிப்பாக மறுங்கள்.

காரைக்குடி, இல்லத்தரசி: நாய், குரங்கு கடித்தால்?

சின்னக் கீறலானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தம் நாட்டிலேயே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு வந்தவருக்கும் மறுபடி ஊசி உண்டு, தவணைதான் குறையும். அந்தச் சான்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

காரைக்குடியில் பி.எட். படிக்கும் பெண்ணின் தாய்: எங்கள் மகள் இதேபோல் ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பாடம் நடத்தப் போகிறாள். என்ன கொடுத்தனுப்புவது?

பாஸ்போர்ட் சேவா மூலம் போலீஸ் நற்சான்றிதழ் முதலில். பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சோதனையும் உண்டு. அது முடியாமல் வகுப்பில் விடமாட்டார்கள். பொடி, ஊறுகாய், சீடை எது கொண்டுபோனாலும் வருகை அட்டையில் உணவு இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். குறித்துவிட்டால், அவர்கள் பிடுங்கினாலும் பொருள்தான் போகும். மறைத்தால் அபராதம்.

அந்த வீட்டில் யாரும் இரண்டாம் தடவை 'சாப்பிடு' என்று சொல்ல மாட்டார்கள். பசித்தால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே முடிந்துவிடும். தட்டைக் கழுவி வைப்பது, தன் துணியைத் தானே துவைப்பது, குளியலைச் சுருக்கமாக முடிப்பது, தாளிக்கும் முன் ஜன்னலைத் திறப்பது இவையெல்லாம் இங்கேயே பழகட்டும். கடுகு தாளித்த புகைக்கு அங்கே தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

புதுவயலிலிருந்து: ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவது?

உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதே நேரம். முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட்டு, சாவி ஒன்று கொடுத்துவிடுங்கள். தாமதமானால் போன் செய்ய வேண்டும் என்பதும் பேச்சில் இருக்கட்டும். வெளிநாட்டவர் சிம் வாங்கக் கடவுச்சீட்டும் விசாவும் கேட்பார்கள், உடனே உயிர்பெறாமலும் போகலாம். அதுவரை வீட்டில் இருக்கும் பழைய பட்டன் போன் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.