காம்பவுண்ட் மைட்டர்: மூலை ஏன் சேரவில்லை? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பக்கங்கள் வெளியே சாய்ந்த ட்ரே செய்கிறேன். நாலு பக்கம், செங்குத்திலிருந்து 15 டிகிரி சாய்வு. ரம்பத்தின் மைட்டரை (மேசையில் ரம்பம் திரும்பும் கோணம்) 45, பிளேடை (அது பக்கவாட்டில் சாயும் கோணம்) 15 என்று வைத்து அறுத்தேன். மூலை சேரவே இல்லை.

பதில்: நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இப்படி இரண்டு கோணத்தையும் ஒரே வெட்டில் கொடுப்பதுதான் காம்பவுண்ட் மைட்டர். பலகையைப் படுக்கவைத்து அறுக்கிறீர்கள், சேர்க்கும்போது அது சாய்ந்து நிற்கிறது. அதனால் இரண்டு கோணமுமே மாறிவிடும். உங்கள் ட்ரேக்கு மைட்டர் 14.5, பிளேடு சாய்வு 43.1.

கணக்கு இதுதான். பக்கம் தரையோடு செய்யும் கோணத்தை எடுங்கள், உங்களுக்கு 90இல் 15 போக 75. 180ஐப் பக்க எண்ணிக்கையால் வகுங்கள், 45. இந்த இரண்டின் சைனையும் பெருக்கினால் பிளேடு சாய்வின் சைன் கிடைக்கும். 75இன் கோசைனை 45இன் டேனோடு பெருக்கினால் மைட்டரின் டேன். இதே சாய்வில் ஆறு பக்கம் என்றால் மைட்டர் 8.5, பிளேடு 28.9.

கேள்வி: கணக்கில் 43.1 வருகிறது. ரம்பத்தின் அளவுகோலில் அரை டிகிரியே சரியாகத் தெரியவில்லையே சார்?

பதில்: அந்த அளவுகோலை நம்பாதீர்கள். சாதாரண போட்டோ சட்டத்தையே எடுங்கள். நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகக் கால் டிகிரி தவறினால் கடைசி மூலையில் 2 டிகிரி சேர்ந்துவிடும். 50 மி.மீ. அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட 2.5 மி.மீ. இடைவெளி.

டிஜிட்டல் கோணமானியை முதலில் ரம்பத்தின் மேசையில் வைத்து பூஜ்யமாக்குங்கள். அப்புறம் பிளேடில் ஒட்டிப் படியுங்கள். பல்லின் மேல் உட்காரக் கூடாது, தட்டையான உடம்பில்தான்.

அதன் பிறகும் நல்ல மரத்தைத் தொடாதீர்கள். அதே தடிமனில் கழிவுத் துண்டுகளை அறுத்து, நாலையும் டேப் போட்டு, சரியான சாய்வில் நிறுத்திப் பாருங்கள். உள்விளிம்பு முட்டி வெளியே வாய் பிளந்தால் பிளேடு சாய்வு போதவில்லை. வெளியே முட்டி உள்ளே பிளந்தால் சாய்வு அதிகம். மேலேயோ கீழேயோ மட்டும் இடைவெளி வந்தால் மைட்டரைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

எதிரெதிர் பக்கங்கள் ஒரே நீளமா என்பதையும் பாருங்கள். கோணம் துல்லியமாக இருந்தும், நீளம் அரை மி.மீ. மாறினால் மூலை சேராது. ஸ்டாப் பிளாக் (எல்லாத் துண்டும் ஒரே நீளத்தில் வர முட்டுக்கொடுக்கும் கட்டை) வைத்து அறுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கிரவுன் மோல்டிங்கை (சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒட்டும் அலங்காரப் பட்டை) படுக்கவைத்து அறுப்பதா, சாய்த்து வைத்தா?

பதில்: ரம்பத்தின் உயரம் இடம்கொடுத்தால் சாய்த்து வைத்துத்தான். தலைகீழாக, கூரை விளிம்பு மேசையிலும் சுவர் விளிம்பு ஃபென்ஸிலும் (மேசையின் பின்னால் நிற்கும் தடுப்பு) படும்படி வையுங்கள். பிளேடைச் சாய்க்கவே வேண்டாம், மைட்டர் 45 போதும். நழுவாமல் இருக்க மேசையில் ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்துங்கள். படுக்கவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், சுவரோடு 38 டிகிரி செய்யும் மோல்டிங்குக்கு மைட்டர் 31.6, பிளேடு 33.9.

இதெல்லாம் சுவர் சரியாக 90 என்றால் மட்டுமே. முதலில் மூலையை அளந்துவிடுங்கள். 92 இருந்தால், அதன் பாதி 46ஐ 90இல் கழியுங்கள்; சாய்த்து வைத்து அறுக்கும்போது மைட்டர் 44.

கேள்வி: பிளேடு இறங்கும்போது பலகை லேசாக நகர்கிறது.

பதில்: சாய்ந்த பிளேடு பலகையைப் பக்கவாட்டில் இழுக்கும். ஃபென்ஸில் உப்புத்தாள் ஒட்டி, கிளாம்ப் போடுங்கள். முதலில் 1 மி.மீ. விட்டு அறுத்துவிட்டு, அப்புறம் மெல்லச் சீவி எடுங்கள். பிளேடு முழுதாக நின்ற பிறகே மேலே தூக்குங்கள். சிறு துண்டை ஒருபோதும் கையால் பிடிக்காதீர்கள்.

கேள்வி: ஒட்டும்போது இறுக்கமாக இருந்தது. சில மாதம் கழித்து உள்மூலையில் கோடு விழுந்துவிட்டது. என் வெட்டுதான் தப்பா?

பதில்: பெரும்பாலும் இல்லை, மரம் காய்ந்திருக்கிறது. மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. அதனால் 45 டிகிரி முகம் கொஞ்சம் மாறி, உட்பக்கம் விலகும். ஈரம் ஏறினால் வெளிப்பக்கம் விலகும். நன்றாக உலர்ந்த, அகலம் குறைந்த பலகை எடுங்கள். வெட்டிய முகம் பசையை உறிஞ்சிவிடும். முதலில் மெல்லிய பூச்சு கொடுத்து, சில நிமிடம் கழித்து இரண்டாம் பூச்சு போட்டு ஒட்டுங்கள்.