பள்ளி திறந்ததும் பையனுக்கு வயிற்றுவலி: என்ன செய்வது?

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முழுக்க என் செல்போனில்தான் படித்தான். தினமும் மூன்று மணி நேர ஆன்லைன் வகுப்பு. பக்கத்திலேயே உட்கார்ந்து மிரட்டுவேன், சில நாள் அடித்தும் இருக்கிறேன். 2021 நவம்பர் 1-ம் தேதி பள்ளி திறந்ததிலிருந்து காலையில் வயிற்றுவலி என்று அழுகிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் திணறுகிறான். நான்தான் அவனைக் கெடுத்துவிட்டேனா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நிச்சயமாக இல்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது உங்கள் மகன் யு.கே.ஜி. படித்திருப்பான். அதன்பின் 20 மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தான். வெளியே போகாதே, யாரையும் தொடாதே என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தோம். இப்போது முப்பது பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்காரச் சொன்னால் பயப்படத்தான் செய்வான்.

அந்த மூன்று மணி நேரமும் உங்கள் தவறு அல்ல. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு ஆன்லைன் வகுப்புகளுக்கு மேல் ஒரு நாளில் நடத்தக் கூடாது என்றுதான் 2020 ஜூலையில் மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. ஆறு வயதுப் பிள்ளையால் முடியாததை அவனிடம் கேட்டார்கள். அவனைக் கட்டி உட்கார வைக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்தது.

வயிற்றுவலியை நடிப்பு என்று நினைக்காதீர்கள். பதற்றம் குடலைப் பாதிக்கும், வலி உண்மையாகவே இருக்கும். ஒருமுறை குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலிக்கிறதா என்றும் கவனியுங்கள். பள்ளி நாளில் மட்டும் வந்து, லீவு போட்டதும் பத்து மணிக்குள் போய்விட்டால் அது பெரும்பாலும் பயத்தால் வரும் வலி. அப்படியென்றால் லீவு போட விடாதீர்கள். வீட்டில் இருந்தால் வலி நிற்கிறது என்பதை உடம்பு கற்றுக்கொண்டால், அடுத்த நாள் அனுப்புவது இன்னும் கஷ்டம். உண்மையிலேயே உடம்பு சரியில்லாத நாளில் படுத்து ஓய்வெடுக்கட்டும், போனும் டிவியும் வேண்டாம்.

பள்ளி வாசலில் நீண்ட சமாதானம் பேச வேண்டாம். அவன் பார்க்காதபோது நழுவி வரவும் வேண்டாம், அது பயத்தைக் கூட்டும். "வலிக்குதுன்னு தெரியுது. சாயங்காலம் பெல் அடிச்சதும் இதே கேட் பக்கத்துல நிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன இடத்தில், பெல் அடிக்கும் முன்பே நில்லுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள். உள்ளே வந்ததும் கரும்பலகையைத் துடைப்பது போல ஒரு சின்ன வேலையை அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் முதல் பத்து நிமிடம் எளிதாகக் கடந்துபோகும்.

அப்புறம் அடித்த விஷயம். அதை மறந்திருப்பான் என்று விட்டுவிடாதீர்கள். அவன் நிதானமாக இருக்கும்போது, "ஆன்லைன் கிளாஸ் நேரத்துல அம்மா அடிச்சது தப்பு, இனிமே அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்..." என்று இழுக்க வேண்டாம். பாடம் என்றாலே அம்மாவின் கோபம்தான் அவன் நினைவுக்கு வருகிறது. அதனால் கொஞ்ச நாளைக்கு வீட்டில் டீச்சர் வேலையை விட்டுவிடுங்கள். ராத்திரி பத்து நிமிடம் அவனுக்குப் பிடித்த கதையை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும். வீட்டுப்பாடத்தை அவன் அப்பா பார்த்துக்கொள்ளட்டும். இவ்வளவு நாளும் ஒருவரே சுமந்தது போதும்.

எழுத்துக்கூட்டுவதில் உள்ள திணறல் அவனுக்கு மட்டும் வந்ததல்ல. தமிழ்நாடு முழுக்க இருப்பதால்தான், தன்னார்வலர்கள் மாலையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தரும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை 2021 அக்டோபரில் அரசு தொடங்கியது. முதலில் பள்ளிக்குப் போய்வரப் பழகட்டும், வாசிப்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

சில வாரங்கள் கடந்தும் அழுகை குறையாவிட்டாலோ, படுக்கையில் சிறுநீர் போவது, சாப்பாட்டை ஒதுக்குவது, பேச்சு குறைவது என்று எதுவும் புதிதாகத் தொடங்கினாலோ குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள். வலி ராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்பினால், வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தால் மருத்துவரிடம் உடனே போங்கள். உங்களுக்கே தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு போன் செய்து பேசுங்கள்.