வாசகர் கேள்வி: மதிலும் ஞாயிறு பாடசாலையும்

கேள்வி: ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்காக பெர்லின் மதிலைப் பற்றி ஒரு கதை எழுதுகிறேன். கிழக்குப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி ஜெபிக்கிறாள், கடைசி அத்தியாயத்தில் மதில் விழுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், லிந்துலை

பதில்: தம்பி, நன்றாகவே விளங்கும். குடும்பம் இரண்டாகப் பிரிவதை நாமும் பார்த்தவர்கள்தானே. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் தோட்டத்து மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். எங்கள் லயத்தில் பெரியம்மாவுக்கு இந்தியா, அம்மாவுக்கு இலங்கை. கோச்சி ஏறும் அன்று பெரியம்மா தன் பாட்டுப் புத்தகத்தை அம்மா கையில் கொடுத்தார். தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் அட்டை போட்ட புத்தகம். அம்மா கண் மங்கும்வரை அதை வைத்துத்தான் கோவிலில் பாடினார். இப்படி ஒன்று இல்லாத வீடு நம் பக்கம் குறைவு.

ஆனால் அந்தக் கடைசி அத்தியாயம் எனக்குச் சம்மதமில்லை. பெர்லின் நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த அந்த மதில் எழும்பியது 1961 ஆகஸ்ட் 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை. திறந்தது 1989 நவம்பர் 9. இருபத்தெட்டு வருஷம் ஜெபித்தும் மதிலைத் தாண்டாமலே கண் மூடியவர்கள் உண்டு. அவர்களுடைய ஜெபத்துக்கு உங்கள் கதையில் என்ன இடம்?

பெர்லினில் மதில் ஓடிய பெர்னவர் வீதிக்குப் போங்கள். அங்கே ஓர் ஆலயம் இருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ஒப்புரவு ஆலயம். கட்டடம் கிழக்கில், சபையாரில் பெரும்பாலானோர் மேற்கில். மதில் ஆலய வாசலை ஒட்டியே எழும்பியது. சில வாரங்களில் ஆராதனை நின்றது. மணிக்கோபுரத்தில் காவல்காரர்கள் ஏறி நின்றார்கள். 1985 ஜனவரியில் கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் அந்த ஆலயத்தை வெடி வைத்துத் தகர்த்தது. மதில் விழ ஐந்து வருஷம்கூட இல்லை! இன்று அதே இடத்தில் மண்ணால் கட்டிய சிறு ஜெபாலயம் இருக்கிறது. பக்கத்தில் கோதுமை போன்ற ரை தானியம் விளைகிறது.

சிறுமிக்கு வருகிறேன். பதினாலு வயதில் கிழக்கு ஜெர்மனிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒரு சடங்கு வைத்திருந்தது, சோசலிச அரசுக்கு உறுதிமொழி எடுப்பது. அதை மறுத்து, ஆலயத்தில் திடப்படுத்தல் என்ற விசுவாச உறுதிச் சடங்கை மட்டும் பெற்ற பலருக்கு மேற்படிப்பின் கதவு அடைபட்டது. உங்கள் சிறுமிக்கு டாக்டராக ஆசை என்று வையுங்கள். உறுதிமொழிக்கு முதல்நாள் இரவு, அடுப்படியில் அம்மா 'போய்ச் சொல்லிவிட்டு வா மகளே' என்கிறாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த இரவுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் வாசிப்பார்கள்.

ஜெபத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை, தம்பி. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதான ஜெபம் நடந்தது. சில திங்கள் ஒரு கை விரலில் எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். 1989 அக்டோபர் 9 அன்று அந்த நகரத் தெருக்களில் அரசுக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் ஏறக்குறைய 70,000 பேர். அந்த ஆளில்லாத திங்கட்கிழமைகளையும் எழுதுங்கள்.

'நடுச்சுவரைத் தகர்த்து' என்ற எபேசியர் வசனத்தைக் கடைசிப் பக்கத்தில் போட ஆசை வரும். அதைத் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்யும் வசனமாக முதலிலேயே வையுங்கள். சரி, அந்த அடுப்படி அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.