‘காந்திக்குப் பிறகு மிகச் சிறந்த இந்தியர்’ வாக்கெடுப்பு என்பது என்ன? அம்பேத்கர் எப்படி முதலிடம் பெற்றார்?

நவீன காலத் தலைவர்கள், கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரில் மிகச் சிறந்தவர் யார் என்று மக்களிடமே கேட்கும் ஊடக நிகழ்ச்சி இது. 2002-இல் பிரிட்டனில் பிபிசி நடத்திய இதே மாதிரியான வாக்கெடுப்பில் சர்ச்சில் வென்றார். இந்தியாவில் 2012-இல் நடந்தது.

வெறும் இணைய வாக்கை நம்பினால் சிக்கல். ஆர்வமுள்ளவர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். ஒரு கூட்டம் திரண்டு வந்தால் முடிவே மாறிவிடும். அதனால் இணைய, தொலைபேசி வாக்குகளோடு நடுவர் குழுவின் தேர்வையும் தனியாக எடுத்த கருத்துக் கணிப்பையும் சேர்த்தார்கள். டிவி பாட்டுப் போட்டியில் நேயர் வாக்கோடு நடுவர் மதிப்பெண்ணையும் கூட்டுவது போலத்தான். நடுவர்களிடம் உயர்ந்த இடம் பெற்ற நேரு, மக்கள் வாக்கில் பின்தங்கி, கடைசியில் நான்காவதாக வந்தார். அம்பேத்கருக்கோ இரண்டு பக்கமும் ஆதரவு. நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம் இரண்டாமிடம், படேல் மூன்றாமிடம்.

அப்புறம், இதில் அம்பேத்கர் காந்தியைத் தோற்கடித்தார் என்று பலர் பகிர்கிறார்கள். அது தவறு, காந்தியின் பெயர் போட்டியிலேயே இல்லை.