மாறுவது இருக்கட்டும் தம்பி, முதலில் அந்தப் பி.டி.எஃப்.ஐ இறக்கி வையுங்க

பெருந்துறைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ், முதல் செமஸ்டர். ஊர் பிடிக்கவில்லையாம். மியூனிக் பக்கம் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா, எழுதின பேப்பரெல்லாம் கூட வருமா, ரூம் கிடைக்குமா, நம்மாட்கள் எந்த ஊரில் அதிகம் என்று நீளமான பட்டியல். ரூமைப் பற்றிச் சொல்ல வாட்ஸ்அப் குரூப்பில் ஆயிரம் அண்ணன்மார் இருக்கிறார்கள். நம்மாட்கள் அதிகம் இருக்கிற ஊர்தான் வேண்டும் என்றால் திருப்பூரிலேயே இருந்திருக்கலாமே தம்பி? மாறுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் அடிபட்டவன் நான்.

இங்கே டி.சி. வாங்கிக்கொண்டு போய் அடுத்த காலேஜில் உட்காருகிற கதையெல்லாம் கிடையாதுங்க. புது இடத்துக்குப் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும், முடித்த பாடங்களை ஏற்றுக்கொள்ளச் சொல்லித் தனியாக இன்னொரு மனு. அங்கே இடம் உறுதி என்று கடிதம் கைக்கு வரும்வரை இங்கே பெயரை வெட்டிக்கொள்ளாதீங்க, உங்கள் விசா நிற்பதே அந்தப் பெயரின்மேல்தான். அப்புறம், அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 குளிர்காலத்திலிருந்து நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000, 6,000 யூரோ என்று வாங்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது பேப்பர் விஷயம். நான் மாறும்போது கையில் 48 கிரெடிட் வைத்திருந்தேன், எடுத்துக்கொண்டது 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு, போனது எத்தனை ராத்திரி என்று நீங்களே பெருக்கிப் பாருங்க. டேட்டாபேஸ் பாடம் இரண்டு இடத்திலும் ஒரே பெயர், புத்தகம்கூட ஒன்றுதான். ஆனால் எந்தப் பாடத்தில் என்னென்ன உண்டு என்று பல்கலைக்கழகம் போடுகிற பி.டி.எஃப். ஒன்று உண்டு, மாட்யூல் கையேடு என்பார்கள்; நான் படித்த வருடத்துக் கையேட்டைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார்கள், அதில் பாதிப் பாடம் மாறியிருந்தது. தேர்வு அலுவலகத்து அம்மணி என் ஃபைலை இரண்டு தரம் புரட்டிவிட்டு மேசையில் என் பக்கமாகத் தள்ளினார், அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், இன்றைக்கே அந்தப் பி.டி.எஃப்.ஐ இறக்கி வையுங்க. இன்னொன்று எனக்கு அன்றைக்குத் தெரியாது: படிப்புகளை ஏற்றுக்கொள்வது பற்றி 1997-இல் லிஸ்பனில் போட்ட ஒப்பந்தத்தை ஜெர்மனி 2007-இல் ஏற்றிருக்கிறது, அதை ஒட்டிய விதிகளின்படி பாடத்தில் கணிசமான வேறுபாடு இருந்தால்தான் மறுக்கலாம், இருக்கிறது என்று காட்ட வேண்டியதும் அவர்கள்தான். மறுத்தால் எழுத்தில் கேளுங்க.

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. நம்மூர் எஞ்சினியரிங் காலேஜில் அரியரைச் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதினவர்கள்தானே நாமெல்லாம். இங்கே பல இடங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்றே வாய்ப்பு. மூன்றும் போனால் அந்தப் பல்கலைக்கழகம் மட்டுமில்லை, ஜெர்மனியில் எங்கேயும் அதே படிப்பைத் தொடர முடியாது. பெயர் கொடுத்துவிட்டு மருத்துவச் சான்று இல்லாமல் வராமல் இருந்தாலும் ஃபெயில் என்று எழுதிவிடுவார்கள். மாறுகிறவரிடம் அதனால்தான் 'உன்பெடெங்க்லிஷ்கைட்ஸ்பெஷைனிகுங்' என்று ஒரு சான்று கேட்கிறார்கள். பெயர் கோபியிலிருந்து சத்தி வரை நீளும், விஷயம் ஒரு வரி: இந்தப் பையனுக்கு இன்னும் வாய்ப்பு மிச்சமிருக்கிறது. ஜெர்மன் படிக்காமலே பத்து வருடம் ஓட்டிவிட்டேன் என்று மார்தட்டுகிற அண்ணன்களிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீங்க. வருகிற கடிதத்தையெல்லாம் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி அர்த்தம் கேட்கிறவர்கள் அவர்கள்தான்.

நான் 2011-இல் வந்தவன். மஞ்சளுக்கு நல்ல விலை இருந்த நேரம், அப்பா ஈரோட்டு மார்க்கெட்டில் மூட்டைகளை விற்றுத்தான் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டுகிற பிளாக்டு அக்கவுண்ட்டில் பணம் கட்டினார். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது, அன்றைக்குக் குறைவு, ஆனால் எங்களுக்கு அதுவே மலை. நான் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் விலை விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் தியரி பேப்பரில் நான் இரண்டு தரம் ஃபெயில். வீட்டுக்குச் சொல்லவில்லை. ஹாஸ்டலில் வாரம் ஐந்து நாள் அரிசிம்பருப்புச் சோறு பொங்கித் தின்றுகொண்டு ஆட்டோமேட்டா படித்தேன், நெய்கூட இல்லை.

மூன்றாவது தரம் வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் ஒரு தாளையும் பென்சிலையும் தள்ளி, இந்த மொழி ரெகுலர் இல்லை என்று நிரூபி என்றார். பம்பிங் லெம்மா. மொழி என்றால் இங்கே எழுத்துச் சரங்களின் தொகுப்பு, அது ரெகுலர் இல்லை என்று காட்ட உதவுகிற தேற்றம்தான் இந்த லெம்மா. கை நடுங்கி முதல் வரியையே இரண்டு தரம் அடித்து எழுதினேன். முடிந்ததும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கூப்பிட்டு, 4.0 என்றார். அமெரிக்காவில் 4.0 உச்சம், இங்கே 1.0 தான் உச்சம், 4.0 என்றால் கரையைத் தொட்ட மாதிரி, எண் அதைத் தாண்டினால் ஃபெயில்.

அன்றைக்குத்தான் அப்பாவுக்குப் போன் போட்டு, பரீட்சை பாஸுங்க, நாலு புள்ளி சைபர் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "நம்ம பக்கத்துத் தோட்டத்துப் பையன் அமெரிக்காவுல மூணு புள்ளி ஏழுதானாமா, அதுக்கே அவங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்."

நான் ஒன்றும் திருத்தவில்லைங்க.