நட்சத்திர மணிக்கூடு ஏன் முந்துகிறது?

கேள்வி: ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கணினிப் பலகையில், சூரியனுக்குப் பதில் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நட்சத்திர நேரத்தைக் காட்டும் மணிக்கூடு செய்தேன். செக்கனுக்கு 1000 மில்லிசெக்கனுக்குப் பதில் 997 என்று போட்டேன். ஒரே நாளில் பிசகிவிட்டது. கிறீனிச் நட்சத்திர நேரத்தோடு 5.30 மணி கூட்டினாலும் வானத்தோடு ஒத்துவரவில்லை. எங்கே பிழை?
— வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: மூன்று இடத்தில் பிழை. பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதால், ஒரு நட்சத்திரம் மறுபடி உச்சிக்கு வர 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் போதும். கணக்குப் பார்த்தால் நட்சத்திரச் செக்கன் 997.27 மில்லிசெக்கன், அந்த 0.27ஐ வெட்டியதால் மட்டும் நாளுக்கு 23 செக்கன் முந்தும்.

அதைவிடப் பெரிய கள்ளன் யூனோதான். அதன் சிப்பை ஓட்டுவது குவார்ட்ஸ் பளிங்கு இல்லை, செராமிக் ரெசனேட்டர் என்ற துல்லியம் குறைந்த துடிப்பி, வெயில் ஏறினால் ஓட்டமும் மாறும். டி.எஸ். 3231 என்ற நேரம் காக்கும் சிப் உள்ள மொடியூல் ஒன்று வாங்குங்கள். அது வெப்பத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், வருடத்துக்கு ஒரு நிமிடமளவுதான் பிசகும். அதில் 32K என்று குறித்த இணைப்புக் காலில் செக்கனுக்கு 32,768 துடிப்பு வரும். ஒருமுறை 32,678 எண்ணி ஒரு செக்கன் கூட்டுங்கள், அடுத்த முறை 32,679 எண்ணி, இப்படி மாறி மாறி. உண்மையில் வேண்டியது 32,678.53, ஆகவே இந்த எண்ணிக்கையால் நாளுக்குப் பத்திலொரு செக்கன்கூடப் பிழை வராது. சிப்பைத் தனியாக வாங்கினால் அந்தக் காலுக்குப் புல்-அப் தடை (காலை மின்வழங்கலோடு இணைக்கும் தடை) போடுங்கள். நான் மறந்துபோய் ஒரு மாலை முழுக்கப் பூச்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த 5.30. அது கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகைக்கான நேரம், இலங்கை நேரத்தைக் கிறீனிச் நேரமாக்கக் கழிக்க மட்டும்தான் உதவும். திருகோணமலை 81.2 பாகையில் இருக்கிறது. 15 பாகைக்கு ஒரு மணி என்றால் நீங்கள் கூட்ட வேண்டியது 5 மணி 25 நிமிடம்.

சரி, சோதிப்பது எப்படி? கோணேசர் ஊர்க்காரருக்குத் திருவாதிரையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு நட்சத்திரம் உங்கள் தலைக்கு நேரே, ஒரு பாகை மட்டும் தெற்கே தள்ளிப் போகும். ஒரு மீற்றர் நீளத்தில் 3 அங்குல பிவிசி குழாயைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழே பாயில் படுத்து, குழாயின் நடுவில் கண்ணை வைத்துப் பாருங்கள். நட்சத்திரம் குழாய்க்குள் நுழைவதையும் மறைவதையும் குறித்தால், இரண்டுக்கும் நடுவில் உங்கள் மணிக்கூடு 5 மணி 56 நிமிடத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். மாரி முகில் விட்டுக்கொடுத்தால் தைப்பொங்கல் இரவு பத்தரைக்குச் சற்று முன்னால் பார்க்கலாம். மறுநாள் நாலு நிமிடம் முந்திப் படுங்கள்.