சத்தியம் கேட்கப் போகும் முன்

கேள்வி: மச்சினனோடு கூட்டுச் சேர்ந்து ஜவுளிக்கடை நடத்தினேன். கொரோனாவில் படுத்த கடை எழுந்திருக்கவே இல்லை. இப்போது ஏழு லட்சம் கடன். கணக்கு வழக்கு எல்லாம் அவன் பொறுப்பு. அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய், 'நான் ஏமாற்றவில்லை' என்று பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் செய்யச் சொல்லலாமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: கருப்பு சந்நிதியில் சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் பூசிக் கும்பிடுகிறோம். அங்கே நின்று பொய் சொல்ல நம் பக்கத்தில் எவனுக்கும் நடுங்கும். சரி, மச்சினன் சத்தியம் செய்துவிட்டான் என்றே வையுங்கள். ஏழு லட்சம் குறையுமா?

என் கதையைக் கேளுங்கள். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்தேன். 2020 சித்திரைக்கென்று மாசியிலேயே சரக்கு இறக்கினேன். அந்த வருஷம் அழகர் வைகையில் இறங்கவில்லை, மீனாட்சி கல்யாணத்தையே டிவியில்தான் பார்த்தோம். சேலைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்தால், ஜூன் 24-லிருந்து மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. கடன் கொடுத்தவர்கள் போன் செய்தால் 'கொரோனாண்ணே' என்பேன். அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினேன்.

ஒருநாள், சரக்குக் கொடுத்த பெரியவர் நேரில் வந்துவிட்டார். நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். ஏழாவது படிக்கிற என் மகள் வாசலுக்குப் போய், "அப்பா இல்லை தாத்தா" என்றாள். வார் அறுந்து, கறுப்பு நூலால் தைத்துப் போட்டிருந்த என் செருப்பு படியில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். "சரிம்மா, வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி மகளின் பழைய ரஃப் நோட்டில் நடுவே கோடு போட்டேன். ஊரடங்கால் வந்த கடன் இடப் பக்கம், நானாக இழுத்துக்கொண்டது வலப் பக்கம். எதிர்க்கடைக்காரன் கடையைப் பெரிசாக்கினான் என்ற வீம்பில் நான் கூடுதலாக எடுத்த சரக்கு வலப் பக்கம் போனது. முந்தின தீபாவளி பாக்கியும் அங்கேதான். ரிசர்வ் வங்கி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட வழி செய்ததல்லவா, 'கட்ட வேண்டாம்' என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைப் படிக்கவில்லை. முதல் இரண்டு மாதம் கையில் பணம் இருந்தும் கட்டவில்லை. அதற்கும் வலப் பக்கம்தான். கூட்டிப் பார்த்தால், ஒன்பது லட்சத்தில் ஏறக்குறைய நாலு லட்சத்துக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமே இல்லை!

மறுநாள் நோட்டோடு பெரியவரிடம் போனேன். மாசம் ஐயாயிரம் தருகிறேன் என்றேன். "மூணு சொல்லு, தவறாம குடு" என்றார். எல்லாரும் அப்படி இல்லை. ஒருவர் தெருவில் நின்று கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன், வேறென்ன செய்ய?

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். கணக்கு மச்சினன் பொறுப்பு என்கிறீர்கள். நீங்கள் ஒருநாளாவது அதைப் பிரித்துப் பார்த்தீர்களா? அவன் நிஜமாகவே கையாடியிருந்தால் பில்லும் பேங்க் கணக்கும் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், மதுரை கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசக் கட்டணம் கிடையாது.

இன்னொன்று. அந்த ஏழு லட்சத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஏதாவது கலந்திருந்தால் அதையும் 'என் தலையெழுத்து' என்று சுமக்காதீர்கள். அதைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது, போலீசில் புகார் கொடுங்கள்.

ஒரு சந்தேகம். மச்சினன் என்றால் உங்கள் வீட்டம்மாவின் தம்பிதானே? ஏழு லட்சம் என்கிற கணக்கு அந்த அம்மாவுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.